வேண்டாததை அடிக்கவும்

"நாளை அறை நாள் மட்டுமே பள்ளி நடைபெறும்."

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். மூன்று முறை படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவைத் தேடினேன்.

"அத்தை, வேணாம்," என்றான் என் தம்பி மகன். லிப்ட் மெக்கானிக். அவன் மனைவிக்கு வெளியூரில் வேலை என்பதால், மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் வாண்டைப் பார்த்துக்கொள்ள நான் அங்கே போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். அப்பா கூப்பிடுகிற மாதிரியே வாண்டும் என்னை அத்தை என்றுதான் கூப்பிடும்.

"அறைன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"ரூம்."

"இன்னொரு அர்த்தம்?"

அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். சின்ன வயதில் என்னிடம் வாங்கியது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"நாளைக்கு எல்லாப் பிள்ளைங்களையும் வரிசையா நிக்க வச்சு அறையப் போறாங்கன்னு எழுதியிருக்கு. அரை நாளைக்குச் சின்ன ர."

"பன்னெண்டு மணிக்கு விட்டுடுவாங்கன்னு எனக்குப் புரிஞ்சுதே."

"புரியும். நாய் குரைச்சாக்கூடத்தான் புரியுது."

கடிதத்தின் கீழே 'பத்துக்கு 4' என்று போட்டுக் கையெழுத்திட்டு, வாண்டின் பையிலேயே திருப்பி அனுப்பினேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தெட்டு வருடம் ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு வேலை பார்த்தவள். வீடு விற்பது, நிலம் பிரிப்பது, உயில் எழுதுவது எல்லாம் என் விரல் வழியாகத்தான் போயின. நான் அடித்த பத்திரத்தில் ஓர் ஒற்று விட்டுப்போனதில்லை. இந்த உண்மை யாருக்கும் தானாகத் தெரிந்ததில்லை என்பதால் நானே எல்லாரிடமும் சொல்லிவிடுவேன். பால் பாக்கெட் போடுகிறவருக்கு இரண்டு தடவை தெரியும்.

அடுத்த வாரம் வந்த கடிதம் 'களை விழாவிற்கு அனைவரும் வறுக' என்றது. 'எதை வறுக்க? களையையா?' என்று ஓரத்தில் எழுதினேன். அதற்கடுத்தது 'பெற்றோர் கவணத்திற்கு' என்று தொடங்கியது. 'கவண் எடுத்து யாரைக் குறிபார்க்கிறீர்கள்?' என்று கேட்டேன். பாதி வாக்கியங்களுக்கு முடிவே இல்லை; அங்கெல்லாம் 'முற்றுப்புள்ளி எங்கே?' என்று எழுதினேன். முகம் தெரியாத அந்த எழுத்தாளிக்கு என் மனதில் 'அறைநாள்' என்று பெயர் வைத்துவிட்டேன். இன்று அறைநாளிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று வாண்டு செருப்பைக் கழற்றுவதற்குள் பையைப் பிடுங்குவேன்.

"அத்தை, எங்க கிளாஸ்ல உங்களுக்கு மார்க்கு அத்தைன்னு பேர் வச்சிருக்காங்க," என்றது வாண்டு.

"நல்ல பேர்தானே."

"கேலிக்கு வச்சது அத்தை."

"அவங்க ஒரு கையெழுத்துக் கேட்டு அனுப்புறாங்க, நீங்க பரீட்சைப் பேப்பர் திருத்தி அனுப்புறீங்க," என்றான் தம்பி மகன். "பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மார்க் போடும். பள்ளிக்கூடத்துக்கே மார்க் போடுற வீடு நம்ம வீடு ஒண்ணுதான்."

நான் நிறுத்தியிருக்கலாம். அதற்குப் பதில் திருப்பி அனுப்பும் முன் நான் எடுத்து வைத்திருந்த பதினான்கு கடிதங்களின் நகல்களில் பிழைகளுக்கு எண் போட்டு, மொத்தம் அறுபத்தொன்று என்று முகப்பில் எழுதி, பள்ளியை நடத்துகிற தாளாளருக்கு அனுப்பிவைத்தேன். நான்காம் நாள் நேரில் வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"திட்டப் போறாங்க," என்றான் தம்பி மகன்.

"நன்றி சொல்லத்தான் கூப்பிடுறாங்க," என்று இஸ்திரி போட்ட புடவையை எடுத்தேன்.

பள்ளி அலுவலகம் ஒற்றை அறை. ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட ஒரு பையனுக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தாள். சாத்திக்கொள்ளப் பார்த்த கதவை இடது காலால் பிடித்திருந்தாள். பிளாஸ்டரை ஒட்டி முடித்த அதே விரலால் மணியடிக்கிற பொத்தானை அழுத்தினாள். பிறகு அதே விரலால் கணினியில் ஏதோ தட்டினாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான் பத்துக்கு நாலு அம்மாவா?"

அவளும் எனக்குப் பெயர் வைத்திருக்கிறாள்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"உள்ள வர்றப்ப நோட்டீஸ் போர்ட நின்னு படிச்சீங்க. அத யாருமே படிக்க மாட்டாங்க."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தாளாளரின் அறை. என் கட்டு அவர் மேசைமேல் இருந்தது.

"அறுபத்தொண்ணு," என்றார். "நானும் ஒக்காந்து தேடிப் பார்த்தேன். எனக்கு ஒம்போதுதான் கெடைச்சுது. பள்ளிக்கூடம் நடத்துறவனுக்கு இது அசிங்கம். இந்த மாசத்தோட அந்த அம்மாவ அனுப்பிடலாம்னு இருக்கேன்."

"அனுப்பவா? நான் முற்றுப்புள்ளி வைக்கச் சொன்னேன், அவ்வளவுதான்."

"அதத்தான் வைக்கிறேன்."

கண்ணாடி வழியே பார்த்தேன். அவள் இன்னொரு பிள்ளையின் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். போன் இன்னும் தோளில்தான் இருந்தது.

"அடுத்த வெள்ளிக்கிழமை பல் டாக்டர் வர்றார்," என்றார் தாளாளர். "பெற்றோரும் கூட வந்து சம்மதம் எழுதிக் கொடுக்கணும். அந்தக் கடிதத்த நீங்களே எழுதுங்கம்மா. பள்ளிக்கூடத்துக் கடிதம்னா எப்படி இருக்கணும்னு எல்லாரும் பார்க்கட்டும்."

ஒரு பெண்ணின் வேலை போகப் போகிறது, எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது, "எத்தனை பக்கம் வரலாம்?"

வெளியே வந்தபோது அவள் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"எப்போன்னார்?"

"மாசக் கடைசி."

"என் பொண்ணு இங்க ஏழாவது படிக்கிறா. ஆபீஸ்ல இருக்கிறவங்க பிள்ளைன்னுதான் எடம் கொடுத்தாங்க. நான் போனா அவளும் போகணும்." மணி என்ன என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "உங்க மேல கோபம் இல்லம்மா. கவண் ஜோக்குக்கு நானே சிரிச்சேன்."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கீபோர்டைப் பார்த்தேன். பார்த்தால் கை சும்மா இருக்காது; ஒரு கீயை அழுத்தினேன். ஷிப்ட் கீ. உள்ளே போனது வெளியே வரவில்லை.

"இது ஒட்டிக்குதே."

"ஆமா. அப்பப்ப ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுன்னா சின்ன ர அடிச்சாப் பெரிய ற வரும், ல அடிச்சா ள வரும், ன அடிச்சா ண வரும். அறை நாள், களை விழா, கவணம் எல்லாம் அதோட வேலைதான். சொன்னா யார் நம்புவா?"

"அறுபத்தொண்ணுமா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பாதி ஷிப்ட் கீ. மீதி நான்."

கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி அந்தக் கீயை நெம்பி எடுத்தேன். அடியில் வேறொன்றுமில்லை, பிளாஸ்டர் பசை. பல வருடத்துச் சிராய்ப்புகள் எல்லாம் அங்கே உருண்டு கிடந்தன. துடைத்துத் திரும்பப் பொருத்தினேன். கீ துள்ளியது. என் வாழ்நாளில் அந்தப் பள்ளிக்கு நான் செய்த உருப்படியான காரியம் அந்த ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது.

அப்போது எனக்கு வேறு யோசனை ஓடியது. நான் ஒரு கடிதம் எழுதித் தருவேன், அவள் அடிப்பாள், ஊரே மெச்சும், தாளாளர் மனம் மாறி அவளை வைத்துக்கொள்வார். பரோபகாரம். அதில் என் பெயரும் நாலு பேருக்குத் தெரிந்தால் நான் என்ன செய்ய முடியும்?

மறுநாள் கையால் எழுதிய இரண்டு பக்கத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துக்கொண்டே போனாள். முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"அம்மா, இது எங்க முடியுது?"

"ரெண்டாம் பக்கத்துல."

"கடிதம் இல்லம்மா. வாக்கியம்."

"நானும் அதத்தான் சொல்றேன்."

பத்திரத்தில் நடுவே முற்றுப்புள்ளி வைக்க மாட்டார்கள். வைத்தால் அந்த இடைவெளியில் யாராவது எதையாவது சொருகிவிடுவார்கள். ஊருக்கெல்லாம் முற்றுப்புள்ளி கேட்டு அலைந்தவள் முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்றுகூட வைத்ததில்லை என்பது அன்றுவரை எனக்கே உறைக்கவில்லை. அன்றும் உறைக்கவில்லை.

"இது என்னம்மா, பற்பரிசோதனை?"

"பல் பரிசோதனைதான். சேர்த்து எழுதினா ல் போய் ற் வரும். பற்பசைன்னு சொல்றதில்லையா?"

"பிரிச்சே போட்டுடட்டுமா?"

"பிரிக்கக் கூடாது."

"இந்த ஹால் இருக்கிற எடத்த..."

"நாலு எல்லையும் கொடுத்திருக்கேன். கிழக்கே கழிப்பறை, மேற்கே குடிநீர்க் குழாய், வடக்கே மிதிவண்டி நிறுத்தம், தெற்கே பொதுப்பாதை. யாரும் தகராறு பண்ண முடியாது."

"பெரிய ஹால்னு போட்டாலே வந்துடுவாங்கம்மா." அவள் பேனாவால் ஓரிடத்தைத் தொட்டாள். "அப்புறம் இது. 'தங்கள் மகன்/மகள் (வேண்டாததை அடிக்கவும்)'. அடிக்கவும்னு வேணாமே. கோடு போடவும்னு போடலாமா?"

"எல்லா விண்ணப்பத்துலயும் இப்படித்தான் இருக்கும். காலங்காலமா எல்லாரும் அடிச்சுட்டுதான் இருக்காங்க."

"இல்ல, பிள்ளைங்க வீட்டுக்குப் போற கடிதம்..."

"நீங்க ஒரு எழுத்தையும் மாத்த வேணாம். அப்படியே அடிங்க."

அப்படியே அடித்தாள். நான் பக்கத்தில் நின்று சரிபார்த்தேன். ஒரு பிழை இல்லை. நூற்று முப்பது பிரதிகள் நூற்று முப்பது பைகளில் போயின.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பாராட்டு வாங்குவதற்காக மூன்றரைக்கே போய்விட்டேன். பல் டாக்டர் மேசையில் கண்ணாடியும் டார்ச்சும் பரப்பிக் காத்திருந்தார். எதிரே நூற்று முப்பது நாற்காலிகள். நாலேகால் வரைக்கும் வந்தவர்கள் மூன்றே பேர்.

முதலில் ஓர் அப்பா. கையில் கடிதம்.

"எனக்கு மகனும் இருக்கான், மகளும் இருக்கா. இதுல எத அடிக்கணும்?"

"வேண்டாதத," என்றேன்.

"ரெண்டும் வேணும்."

இரண்டாவது ஓர் அம்மா. துப்பட்டாவால் வாயை மூடியிருந்தாள். "இந்தப் பற்பரிங்கிறது தொத்திக்குமா டீச்சர்?"

"எது?"

"பற்பரி. அதுக்குத்தானே சோதனைன்னு போட்டிருக்கு. பெற்றோர் குரூப்ல எல்லாரும் அதத்தான் பேசுறாங்க. ரெண்டு நாளா சில பேர் பிள்ளைய அனுப்பவே இல்ல. காய்ச்சல் வருமா, வெறும் அரிப்புதானா?"

பல் டாக்டர் தன் டார்ச்சை அணைத்தார். படிப்பில் விட்டுப்போன பாடமாக இருக்குமோ என்று அவருக்கே சந்தேகம் வந்த மாதிரி இருந்தது.

மூன்றாமவர் ஒரு கடைக்காரர். தனியாக வரவில்லை, பின்னால் இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார். "முழு மனசோட, யார் தூண்டுதலும் இல்லாம சம்மதம் கொடுக்கணும்னு போட்டிருந்துச்சு. விஷயம் பெருசுன்னு சாட்சிக்கு ரெண்டு பேரக் கூட்டியாந்துட்டேன். எங்க கையெழுத்துப் போடணும்? பள்ளிக்கூடத்த விக்கிறீங்களா?"

அதற்குள் அந்த அடைப்புக்குறியை மட்டும் யாரோ படம் எடுத்துக் குரூப்பில் போட்டிருந்தார்கள். 'மகன்/மகள் (வேண்டாததை அடிக்கவும்)'. கீழே ஒருவர், 'எங்க வீட்ல லிஸ்ட் பெருசு, கூடுதல் தாள் தருவாங்களா?' என்று கேட்டிருந்தார். இன்னொருவர் பள்ளிமீது புகார் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தாளாளர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். என்னை உட்காரச் சொன்னார். அவளை நிற்க வைத்தார்.

"அம்மா, உங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்கணும். நீங்க எவ்வளவு அருமையா எழுதிக் கொடுத்திருப்பீங்க. டைப் பண்றேன்னு இவங்க இந்த லட்சணத்துல கெடுத்து வச்சிருக்காங்க." அவள் பக்கம் திரும்பினார். "மாசக் கடைசி வரைக்கும் வேணாம்மா. இன்னையோட கெளம்புங்க. பொண்ணுக்கு டி.சி. தயார் பண்ணச் சொல்றேன்."

டி.சி. தயார் பண்ணுவதும் அவள் வேலைதான். அவள் கையில் ஒரு கோப்பு இருந்தது. நான் கையால் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கமும் அதற்குள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். அவள் கோப்பைத் திறக்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால், நானும் ஒன்றும் சொல்லாவிட்டால், முப்பத்தெட்டு வருடத்தில் ஓர் ஒற்று விடாத என் பெயர் அப்படியே இருக்கும். மூன்று விநாடி நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றுதான். ஐந்தும் இருக்கலாம்.

"அதுல ஒரு எழுத்தக்கூட இவங்க மாத்தல," என்றேன். "எல்லாம் நான் எழுதினது."

"பெரியவங்க. இவங்களுக்காக விட்டுக்கொடுக்கிறீங்க."

"விட்டுக்கொடுக்கிற பழக்கம் எனக்கு இருக்கான்னு எங்க வீட்ல கேட்டுப் பாருங்க." அவளிடம் கை நீட்டினேன். "கோப்பக் கொடும்மா."

அவள் தயங்கினாள். "வேணாம்மா. காட்டி என்ன ஆகப்போகுது? என்னோட அறுபத்தொண்ணு அப்படியேதானே இருக்கு."

நானே வாங்கித் திறந்து இரண்டு பக்கத்தையும் மேசையில் வைத்தேன். கோடு போட்ட தாளில், ஊதா மையில், என் முத்து முத்தான கையெழுத்து. அடிக்கவும் என்பதை மட்டும் அடிக்கோடிட்டு வேறு வைத்திருந்தேன்.

"'கோடு போடவும்'னு மாத்தச் சொல்லி இவங்க கேட்டாங்க. பல்லப் பிரிச்சுப் போடலாம்னாங்க. பெரிய ஹால்னு சொன்னாப் போதும்னாங்க. மூணுக்கும் நான் கூடாதுன்னேன்."

தாளாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதல் பக்கத்தின் பாதியில் மூச்சு வாங்கினார்.

"இதுல பிழை ஒண்ணும் தெரியலையே."

"பிழை இல்ல. நூத்தி முப்பது பேர்ல மூணு பேர் வந்தாங்க. அதுல ஒருத்தர் பள்ளிக்கூடத்த வாங்க வந்தார்." பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, என் கடிதத்தின் அடியிலேயே 'பத்துக்கு 1' என்று போட்டேன். "அந்த ஒண்ணும் கையெழுத்துக்கு."

அவர் தாளை மடிக்கப் போனார். நான் விடவில்லை.

"இவங்க அறை நாள்னு எழுதி அனுப்பினாங்களே, அன்னைக்கு எத்தனை பிள்ளை மத்தியானம் கேட்ல தனியா நின்னுச்சு?"

அவர் அவளைப் பார்த்தார்.

"ஒண்ணுகூட இல்ல சார்," என்றாள். "பன்னெண்டு மணிக்கு எல்லாரும் வந்துட்டாங்க."

தாளாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "டாக்டர் அடுத்த வெள்ளிக்கிழமையும் வர்றேன்னு சொல்றார். இன்னைக்கே கடிதம் போயாகணும். யார் எழுதப் போறீங்க?"

"நான் எழுதுறேன் சார்," என்றாள் அவள். "அம்மா படிச்சுப் பார்க்கட்டும்." கொஞ்சம் நிறுத்தி, "படிக்க மட்டும்," என்றாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை நாற்காலி நிறையட்டும். அப்புறம் பார்க்கலாம்," என்றார்.

கணினிக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டே நிமிடத்தில் அடித்துவிட்டாள். நான் பின்னால் நின்றேன். தோளில் போன் இருந்தது. புகார் கொடுக்கப் போவதாகச் சொன்ன அப்பாவிடம் பேசிக்கொண்டே அடித்தாள்.

'அன்புள்ள பெற்றோருக்கு. பற்பரி என்று நோய் எதுவும் இல்லை. அது பல் பரிசோதனை. யாரையும் அடிக்க வேண்டாம். வரும் வெள்ளி மாலை 4 மணிக்குப் பெரிய ஹாலுக்குப் பிள்ளையோடு வாருங்கள். போன கடிதத்துக்கு வறுந்துகிறோம்.'

என் கண் கடைசி வார்த்தையில் போய் நின்றது. விரலும் போனது.

"ஷிப்ட் கீய நான் சரி பண்ணிட்டேனே."

அவள் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இது ஷிப்ட் கீ இல்லம்மா. இது நான்."

அந்தப் பக்கம் பிரிண்டர் ஏற்கெனவே நாற்பதாவது பிரதியைத் துப்பிக்கொண்டிருந்தது. வெளியே கடைசி மணிக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்டார்கள். நான் விரலை மடக்கிக்கொண்டேன். அதற்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்பது என் விரலுக்குத்தான் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாற்காலி போதாமல் மூன்றாம் வகுப்பு பெஞ்சுகளைத் தூக்கி வந்தார்கள். கடைக்காரர் சாட்சிகள் இல்லாமல் வந்தார். இரண்டு பிள்ளைகளின் அப்பா இரண்டையும் அடிக்காமல் கூட்டி வந்தார். தாளாளர் வாசலில் நின்று எண்ணினார். 'பார்க்கலாம்' என்று சொன்னதைப் பற்றி அதன் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. அடுத்த மாதம் முதல் தேதி நான் போனபோது அவள் அதே நாற்காலியில் ஒரு பையனின் மூக்கில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டி.சி. புத்தகம் அலமாரியில் தூசியோடு இருந்தது.

இப்போது எல்லாக் கடிதமும் என் கைக்கு வந்துதான் போகிறது. கேட்டில் அவசரமாக நிற்கிற ஓர் அம்மா படிக்கிற மாதிரி நான் சத்தமாகப் படிக்க வேண்டும், எங்கே தடுக்குகிறேனோ அங்கே அவள் மாற்றுவாள். பேனாவை உள்ளே எடுத்துப்போக எனக்கு அனுமதி இல்லை. வாசலில் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

ஆனால் அவளுடைய அந்த 'வறுந்துகிறோம்' கடிதம் வாண்டின் பையில் வீட்டுக்கு வந்த சாயங்காலத்தைச் சொல்லவில்லை.

"அத்தை, இதுல ஒரு தப்பு இருக்கு," என்றான் தம்பி மகன். "எனக்கே தெரியுது."

"தெரியும்."

"வறுக்கிறாங்க. மார்க் போடலையா?"

"என்ன செய்யணும்னு உனக்குப் புரிஞ்சுதா?"

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வாண்டோட போகணும். யாரையும் அடிக்கக் கூடாது."

"அப்போ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பு."

அவன் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தான். பற்பரியாக இருக்குமோ என்று வாண்டு கேட்டது. இருவரும் சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போனார்கள்.

அவர்கள் போனதும் பென்சிலை எடுத்தேன். கையெழுத்தோடு கிழித்துப் பள்ளிக்குத் திருப்பி அனுப்புகிற கீழ்ப் பாதியைத் தொடவில்லை. வீட்டிலேயே தங்கிவிடுகிற மேல் பாதியில், மிக லேசாக, அந்தப் பெரிய ற-வைச் சின்ன ர ஆக்கினேன். யாருக்கும் தெரியாது. நான் திருத்துகிற ஜென்மம். திருந்துகிற ஜென்மம் இல்லை.